எல்லாருக்கும் நூற்றிருபது, எண்பது

கண்ணுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வருஷம் முழுக்கக் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுவது என்று இந்தத் தொழிலில் யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்து வைத்திருக்கிறார்.

ஆப்டோமெட்ரி என்றால் பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கும் படிப்பு. அப்படித்தான் நானும் நம்பி, கிண்டியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்த மறுநாளே கையில் பிசியாலஜி. ரத்தம், இதயம், நுரையீரல், குடல், சிறுநீரகம் என்று செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்கும் முதலாண்டுச் சொந்தங்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாமியின் மூன்று கண்ணாடிகள்

நாங்கள் மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்கார மாமி மாடியில். நான் கல்லூரிக்குப் போய் முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை, மாமி முந்தானையில் மூன்று கண்ணாடிகளை முடிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டார். ஒன்று மாமாவுடையது, ஒன்று மாமியுடையது, மூன்றாவது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. எதற்கு எவ்வளவு பவர் என்று நான் தூக்கிப் பார்த்தே சொல்ல வேண்டுமாம்.

"மாமி, கண் பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இப்ப ரத்தம் நடக்குது. அடுத்தது கல்லீரல்" என்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணாடிகளைத் திரும்பவும் முடிந்துகொண்டு மாடி ஏறினார். அங்கே மாமாவிடம் சொன்னது சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும்: "கண்ணுக்குப் படிக்கறேன்னு சொல்லிண்டு அந்தப் பொண்ணு ஈரலைப் பத்திப் பேசறதுன்னா! ஆத்துல சொல்லிட்டுத்தான் காலேஜுக்குப் போறதோ என்னவோ!"

ஒரு சொட்டு ரத்தம்

பிசியாலஜி லேபில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்கு வெளியாள் கிடையாது. நம் விரலை நாமே குத்தி, நம் ரத்தத்தை நாமே எடுத்து, என்ன குரூப் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் என் விரலோடு நான் பேச்சுவார்த்தை நடத்தினேன். எனக்கு ஜோடியான திருவல்லிக்கேணி சுல்தானா, பார்க்கச் சகிக்காமல் என் விரலையும் சேர்த்துக் குத்திவிட்டாள்.

சைதாப்பேட்டை தினேஷ்தான் அன்றைக்கு வீரன். "இதெல்லாம் ஒரு மேட்டரா? தள்ளு தள்ளு" என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போனான். குத்தினான். ஒரு சொட்டு வந்தது. அதை ஒரு தடவை பார்த்தான், அப்படியே சரிந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறிவிட்டு, எல்லாரும் குனிந்து நின்று பி பாசிட்டிவா, ஓ பாசிட்டிவா என்று அவனையே கேட்டோம். மெதுவாகக் கண்ணைத் திறந்து சொன்னான்: "குரூப் கெடக்கட்டும் மச்சி, நான் உயிரோட கீறேனா, அத்த மொதல்ல பாத்து சொல்லு."

சுடுகாட்டு அமைதி

அடுத்த வாரம் ரத்த அழுத்தம். ஜோடியின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை அடித்து, ஸ்டெத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, காற்றை மெல்ல இறக்கும்போது டப் டப் என்று சத்தம் எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்று கேட்க வேண்டும். எனக்கு எதுவுமே கேட்கவில்லை. சுல்தானாவின் கைக்குள் சுடுகாட்டு அமைதி. அந்தப் பக்கம் பார்த்தால் எல்லாரும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? புத்தகத்தில் நார்மல் என்று போட்டிருக்கும் நூற்றிருபது, எண்பதை எழுதிக் கொடுத்தேன்.

பிசியாலஜி மேடம் எங்கள் தாள்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் தாள் 120/80. இரண்டாவது 120/80. முப்பது தாளும் அதே. தினேஷுடையதும்கூட! தலையாட்டியவர்கள் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. மேடம் நேரே என்னிடம் வந்து ஸ்டெத்தின் தலையைத் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு பக்கம் உண்டு. திருகிவிட்டால் ஒன்று அடைத்துக்கொண்டு இன்னொன்று திறக்கும். நான் இத்தனை நேரம் அடைத்த பக்கத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் கோபப்படக்கூட இல்லை. "இந்தப் பக்கம் நீ விடிய விடிய வெச்சாலும் ஒண்ணும் கேக்காதும்மா. ஆனா உன் நம்பர் மட்டும் கரெக்டா வந்திருக்கே, அது எப்படி?" என்றார்.

கடைசிப் பாடம்

இப்போது சொல்லப்போவது ஆப்டோமெட்ரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். அந்தச் செங்கல் புத்தகத்தில் கண் என்பது கடைசிப் பாடம். முதல் இன்டர்னல் தேர்வுக்கு நாங்கள் எல்லாரும் ஆசை ஆசையாக அதைத்தான் படித்தோம். விழித்திரை என்னிடம் மனப்பாடம். கேள்வித்தாள் வந்தது. ரத்தம், இதயம், சிறுநீரகம். கண் என்ற சொல்லே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பேனா மூடியைக் கடித்தே உடைத்துவிட்டேன். மொத்த வகுப்பும் கவிழ்ந்தது, நான் தலைகுப்புற.

மார்க் வந்த அன்றைக்குத்தான் துறைத் தலைவர் வந்து சட்டத்தைச் சொன்னார். பிசியாலஜியில் தேறாதவர்கள் இரண்டாம் வருஷம் கிளினிக்குக்குள் போக முடியாது. மற்றவர்கள் நோயாளியின் கண்ணைப் பார்க்கும்போது நாம் மறுபடியும் சிறுநீரகத்தோடு உட்கார வேண்டியதுதான். கண்ணைப் பார்க்கத்தானே வந்தேன்! அழுகையை அடக்கிக்கொண்டு, கூட வந்திருந்த பிசியாலஜி மேடத்திடம், "கண்ணுக்குப் படிக்கிற எங்களுக்கு கிட்னி எதுக்கு மேடம்?" என்று கேட்டே விட்டேன். மேடம் மூக்கை உறிஞ்சும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு மட்டும் தனியா பஸ் ஏறி கிளினிக்குக்கு வராதும்மா. கூடவே ஒரு ஆளும் வருவார்."

அண்ணாச்சியின் கை

வீம்பு வந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சுல்தானாவின் மாமாவிடம் பிரஷர் மிஷினை இரவல் வாங்கினேன். அகப்பட்டவர் கையையெல்லாம் பிடித்தேன். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். மதியம் கூட்டமில்லாத நேரம் பார்த்து அங்கேயும் போனேன். பட்டு மடிக்கிற அண்ணன்கள் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஸ்டெத்தைச் சரியான பக்கம் திருப்பியும், பாதிப் பேருக்குச் சத்தம் வந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை.

கடைசியில் முதலாளி. தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி. அவர் கைக்குப் பட்டை போதவில்லை, இழுத்துக் கட்டினேன். அடேயப்பா, டங் டங் என்று கோயில் மணி! நூற்றறுபதில் ஆரம்பித்து நூறில்தான் நின்றது. இன்னொரு முறை பார்த்தேன், அதே கதை. டாக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அப்பா பதறிப்போய், சாயங்காலமே நான் கூட்டிப் போகிறேன் என்றார். அண்ணாச்சி அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பிரஷர் கெடக்கட்டும் ஏட்டி. இதுக்குப் பவர் எம்புட்டுன்னு பாத்துச் சொல்லு."

கேட்டதை எழுதியது

கடைசி செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரிசோதகர், வயதானவர், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. சீட்டு எடுத்தேன். ரத்த அழுத்தம். இதில் கோட்டைவிட்டால் கிளினிக் போச்சு. ஸ்டூலில் சுல்தானா. பட்டையைக் கட்டி, ஸ்டெத்தைத் தட்டிப் பார்த்து, காற்றை இறக்கினேன். கேட்டது! தெளிவாகக் கேட்டது. ஆனால் தொண்ணூற்றாறில் ஆரம்பித்து அறுபதில் நின்றுவிட்டது. மறுபடியும் பார்த்தேன். அதேதான். "நூத்தி இருவது எழுதித் தொலைடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுல்தானா கிசுகிசுத்தாள். எழுதியிருக்கலாம்தான். ஆனால் வருஷம் முழுக்க இவள் கையில் கேட்காத சத்தம் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறது, அதை விட மனசு வரவில்லை. 96/60 என்று எழுதி நீட்டினேன்.

"நார்மல் எவ்வளவு?" என்றார். சொன்னேன். "அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்கே?" "கேட்டது இதுதான் சார்" என்றேன், அழுகிற குரலில். அவரே ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு சுல்தானாவின் கையைப் பிடித்தார். நான் வேண்டாத சாமி இல்லை. "காலையில சாப்பிட்டியாம்மா?" என்று அவளைக் கேட்டார். பயத்தில் இறங்கவில்லை சார் என்றாள். "காலையிலேர்ந்து இந்த லேப்ல எல்லாருக்கும் ஒரே பிரஷர். இப்பத்தான் ஒரு மனுஷிக்குப் பாத்திருக்கே" என்று சொல்லி மார்க் போட்டார். போட்டவர் தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கண்ணுக்குத்தானே படிக்கறே? இதுல எழுத்தே தெரிய மாட்டேங்குது. பவர் எவ்வளவுன்னு பாரேன்" என்றார்.

முதல் கண்

தேறிவிட்டேன். சுல்தானாவும், தினேஷும்கூட. இரண்டாம் வருஷம், கிளினிக், வெள்ளை கோட். இதற்காகத்தானே அத்தனை பாடு! முதல் நாற்காலியில் மந்தைவெளியிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்தார். எழுத்துப் பலகையைக் காட்டி, ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே இனித்தது. அவர் மூடிய கையை எடுத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா. தலை கிறுகிறுன்னு வருது, உனக்கு பிரஷர் பாக்கத் தெரியுமா?"

மொத்தத்தில், சொந்தங்களே, நாம் எந்த வருஷம் எதைப் படிக்கிறோமோ அதைத் தவிர மற்றதைத்தான் இந்த ஊர் நம்மிடம் கேட்கும் போலிருக்கிறது.