பனிமலையில் கேட்ட மழை

தாராபுரத்திலிருந்து கோவைக்கு வரும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கும் கன்னமும் கருத்துத் தோல் உரிந்திருந்தன. பல்லடம் தாண்டியதும் மழை பிடித்தது. கூரையில் சடசடவென்று விழுந்ததும் அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, காது வலிக்குதுங்களா?" என்றேன்.

"இல்லைங்க. மழைச் சத்தம் எனக்கு ஆகறதில்லைங்க."

மழை தணிந்ததும் அவரே சொன்னார். வடக்கே ஒரு பனிமலையில், சறுக்கி விளையாட வருகிறவர்களை நாற்காலியில் மேலே ஏற்றிப்போகும் ரோப்காருக்கு அவர் மெக்கானிக். குளிர் வருடா வருடம் குறைந்து, இந்தமுறை அடிவாரம் வெறும் புல்லும் கல்லுமாகக் கிடந்தது. இயந்திரம் துருப்பிடிக்காமல் இருக்க, காலி நாற்காலிகளை நாள் முழுக்க ஓட்டினார்கள்.

"மேல பனி இருக்குதான்னு பார்த்துட்டு வரச் சொல்லி ஒரு நாள் என்னைய அனுப்புனாங்க. தை மாசமுங்க. உச்சியில எறங்குனா மழை பேயுது. பனி விழுந்தா சத்தமே இருக்காதுங்க. அன்னிக்கு மலை முச்சூடும் ஆரோ பேசுற மாதிரி இருந்துச்சு. மிச்சமிருந்த வெள்ளையும் என் காலடியிலயே கரைஞ்சு ஓடுச்சு."

"கீழே வந்து என்ன சொன்னீங்க?"

"கடைக்காரங்க, குதிரைக்காரங்க எல்லாம் அண்ணாந்து பார்த்துட்டு நின்னாங்க. பனி இருக்குதுன்னு சொல்லிப்போட்டேனுங்க. விடியறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கெளம்பிட்டேன்."

சூலூரில் இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதை நம்பி மறுநாள் காலையில் அந்த நாற்காலிகளில் ஏறிப் போனவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அது இன்னும் என்னை விடவில்லை.