கனவில் குடித்தவன்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் தம்பி நாச்சிமுத்து தள்ளாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா... குடிச்சுப்போட்டேன்."

கையில் கரண்டி இருந்தது. இரண்டு போட்டிருப்பேன் — ஆனால் அழுதுகொண்டு நிற்கிறவனை எப்படி அடிப்பது?

நீங்களே சொல்லுங்கள். குடியை நிறுத்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, கைகால் உதறி, எதிரே இல்லாத ஆளோடெல்லாம் பேசி, ஊரார் 'பைத்தியம்' என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்க, மீண்டு வந்தவன். மதுவிலக்கு போய், சாராயக் கடை திறந்த பிறகும், அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போகிறவன். ஆறு மாதம் அவன் குடிக்காமல் இருந்தால் பிள்ளையோடு திரும்பி வருவதாக, பொங்கலூரில் அம்மா வீட்டில் இருக்கும் அவன் மனைவி சரசு சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையே வரவேண்டியவள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டானே, பாவி!

"ஊதுடா" என்றேன்.

ஊதினான். டீ வாசனை. மறுபடி ஊதச் சொன்னேன். டீயேதான்.

"எங்கடா குடிச்சே?"

"கம்பெனிலதான்க்கா. மெஷின்ல துணி இறங்குமல்ல... அதே மாதிரி சாராயம் இறங்கீட்டே இருந்துச்சு. நிக்கவே இல்லை. சுத்தியும் வெள்ளையா, மெத்துமெத்துனு... ஒரு சத்தமில்லை. ரெண்டு கையிலயும் ஏந்தி ஏந்திக் குடிச்சேன். அத்தனை சொகமா இருந்துச்சுக்கா."

சொல்லும்போது அவன் கண் எங்கோ இருந்தது. கேட்ட எனக்கே லேசாகக் கிறங்கியது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஐயா சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் தொடாமல், டீயை மட்டும் குடித்துவிட்டு, பின்னி இறக்கிய துணிக் குவியல் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார்! பசி மயக்கத்தோடு எழுந்து நேராக இங்கே வந்துவிட்டார்.

"அட கிறுக்கா, கனவுடா!"

"கனவுல நெஞ்சு எரியுமாக்கா?"

"வெறும் வயிறு. எரியாம என்ன பண்ணும்?"

ரசம் சோறு போட்டேன். சாப்பிட்டான். மனசு மட்டும் அடங்கவில்லை. "ஒருவேளை நெசமா இருந்தா? குடிச்சா நானே வந்து சொல்றேன்னு சரசுகிட்டச் சொல்லியிருக்கறேன்" என்று சட்டையை மாட்டினான்.

குடியை விட்டவன் கடையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். தூக்கத்தை எப்படிச் சுற்றிப் போவது?

பதறிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். சாயங்கால வெயிலில் பருத்திக்காடு வெள்ளை வெள்ளையாக மிதந்து போனது. அதையே பார்த்துக்கொண்டு வந்தான். "வேண்டாம்டா, உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்காதே" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். எங்கே காதில் விழுந்தது!

சரசு வாசலில் நின்றிருந்தாள்.

"சரசு, நான் குடிச்சுப்போட்டேன். வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. "கனவு கண்டுட்டு உளர்றான் சரசு! சாப்பாட்டு நேரத்துல தூங்கியிருக்கறான்" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் அருகில் வந்தாள்.

"ஏனுங்க, சித்தெ ஊதுங்க."

ஊதினான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"நங்கையா" என்றாள் என்னிடம். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இவரு குடிச்ச காலத்துல, கப்புனு வாசத்தோட வந்து நின்னு, குடிக்கவே இல்லைன்னு புள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவாருங்க. இன்னைக்கு ஒரு சொட்டு இல்லாம வந்து, குடிச்சேன்னு சொல்றாரு. இதுக்கு மேல எனக்கு என்ன வேணுமுங்க?"

உள்ளே போனாள். துணி மூட்டையோடும் பிள்ளையோடும் வந்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குங்க? வாங்க போலாம்."

வாய் வாசனையை வைத்தே அவனை எடைபோட்டுக்கொண்டிருந்தேன், நான் ஒரு அசடு!

திரும்பும் பஸ்ஸில், மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தபடி தம்பி கண்ணயர்ந்தான். போச்சுடா, மறுபடியும் கனவா? பயந்துபோய் எழுப்பக் கையை நீட்டினேன். சரசு தடுத்துவிட்டாள்.

"தூங்கட்டும் விடுங்க நங்கையா. கனவுல எவ்வளவு வேணுமோ குடிச்சுக்கட்டும்!"