மத்தியதரைக் கடலில் திருப்பூர்க்காரர்கள்

டூர் மேனேஜர் என்பவர் ஊர் பார்க்கிறவர் இல்லை. ஊர் பார்க்கப் போனவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர். ரோம் நகரத்துக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், எங்கள் குழுவினரின் முதுகுகளைத்தான் சொல்ல முடியும். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவையாவது பழனிக்குப் போய் வந்தவர்களுக்கு இது புரியும். அவர்களையெல்லாம் நான் என் சக தொழிலாளிகள் என்றே நினைக்கிறேன்.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன டிராவல் ஆபீஸ். அதற்கு முன்பு பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர்களைச் சமாளித்த தைரியத்தில் இதில் இறங்கினேன். சில வருடங்களுக்கு முன் திருப்பூர்க்காரர்கள் ஒரு குழுவை சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனேன். ரோம் பக்கத்தில் ஏறி நேப்பிள்ஸ், மால்டா, சாண்டோரினி, ஏதென்ஸ் என்று நின்று நின்று திரும்பவும் ரோமுக்கே வரும் பயணம்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு போன்

சென்னியப்பன் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் வைத்திருப்பவர். அவர் மனைவி ருக்மணி, கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர். இவர்கள் இருவருக்கும் டிக்கெட் போட வந்த மகன், கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். அப்பா கம்பெனியை மகன் பேருக்கு மாற்றி எழுதிவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடிட்டர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. கொஞ்ச நாளில் அப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார். "கப்பல்ல போட்டுட்டா வேற போக்கிடம் இருக்காதுங்க. பேசித்தானே ஆகணும்" என்றார் மகன்.

கப்பல் கிளம்பிய மத்தியானம், கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். அறையில் இருந்த போன் அடித்தது. ருக்மணி அம்மா. ஏசி குளிர் தாங்கவில்லையாம், குறைக்கச் சொல்லிக் கணவரிடம் சொல்ல வேண்டுமாம். அவர் மேல்தளத்தில் எங்காவது இருப்பார், தேடிப் போக வேண்டும் என்று நினைத்து, "அவரு எங்கீங்கம்மா இருக்காரு?" என்று கேட்டேன்.

"இங்கதான் கண்ணு, பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்காரு. இரு, போன அவருகிட்டத் தர்றேன்."

காலர்

பனியன் தொழிலில் இருக்கிறவர்களை வெளியூருக்குக் கூட்டிப்போகும் யாருக்கும் இந்தத் துன்பம் உண்டு. நாம் கோபுரத்தைக் காட்டுவோம். அவர்கள் கோபுரத்தைக் காட்டும் கைடின் சட்டையைப் பார்ப்பார்கள்.

மறுநாள் காலையில் மேல்தளத்தில் காபி கொண்டுவந்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணியாளர், கப்பல் பேர் பொறித்த வெள்ளை டி-ஷர்ட் போட்டிருந்தார். சென்னியப்பன் எழுந்து போய், மிகுந்த மரியாதையோடு அந்த டி-ஷர்ட்டின் கீழ் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திருப்பினார். பணியாளர் தட்டைக் கீழே போடாமல் நின்றதே பெரிய விஷயம். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, சாருக்கு ஏதாவது குறையா என்று விசாரித்தார்.

"குறையெல்லாம் இல்லீங்க. துணி நல்ல துணி. காலர்தான் ரெண்டு தொவைக்குத் தாங்காது, கேப்டன்கிட்டச் சொல்லிப்போடுங்க."

எரிமலைக்கு அடியில் ஒரு பட்டறை

நேப்பிள்ஸில் இறங்கி, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பெய் நகரத்துக்குப் போனோம். நல்ல வெயில். குழுவில் பாதிப் பேர் நிழல் தேடி ஒதுங்கிவிட்டார்கள். சென்னியப்பன் மட்டும் கைடை விடாமல் பின்தொடர்ந்தார். காரணம், கைடு காட்டிய ஒரு கட்டிடம். அந்தக் காலத்தில் துணி வெளுத்த இடமாம். வரிசையாகக் கல் தொட்டிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழியும்படி படிப்படியாக இறக்கிக் கட்டியிருந்தார்கள்.

சொந்தப் பட்டறைக்குள் நுழைந்தவர் மாதிரி சென்னியப்பன் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "கழிவுத் தண்ணிய எங்க உட்டாங்கன்னு கேளுங்க அம்மிணி" என்றார். கேட்டேன். தெருவில்தான் ஓடியிருக்கும் என்று கைடு சர்வசாதாரணமாகச் சொன்னார். நொய்யலாற்றங்கரையில் பட்டறை நடத்தி, சுத்திகரிப்பு, ஆய்வு, அபராதம் என்று தலைமுடி நரைத்த மனிதர், அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இவங்கள மூடறதுக்கு ஒரு எரிமலையே வர வேண்டியிருந்திருக்குது. எங்களுக்கெல்லாம் ஒரு நோட்டீஸே போதுமுங்க."

கடலுக்கு முதுகைக் காட்டி

குழுவில் ஜெபராஜ் என்று ஒருவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து தையல் வேலைக்காகத் திருப்பூர் வந்து, இப்போது சொந்த யூனிட் நடத்துகிறார். கடற்கரையில் பிறந்த மனிதர் கப்பலில் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். அவரோ எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார். வாந்தி வருமோ என்று மாத்திரை கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மால்டாவில் ஒரு தேவாலயம். பவுல் அப்போஸ்தலர் போன கப்பல் புயலில் சிக்கி அந்தத் தீவின் கரையில் உடைந்த நினைவாகக் கட்டியது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஜெபராஜைக் காணோம். உள்ளே போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கப்பல்ல இருந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம கரை சேந்துட்டாங்கன்னுதான் வேதத்துல இருக்கு. பலகையப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்காங்க" என்றார். பிறகு தானாகவே சொன்னார். அவருடைய அப்பா மீன்பிடி வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. கடல் கண்ணில் படாத ஊராகப் பார்த்துப் பிழைத்துக்கொள் என்று அம்மாதான் திருப்பூருக்கு அனுப்பிவைத்தாராம். இந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டது அவருடைய மகள். அப்பாவின் பயத்தைப் போக்க வேண்டும் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னிக்கு எங்கம்மா படகு வேணும்னு ஜெபம் பண்ணல தங்கச்சி. அவருக்கு ஒரு பலகையக் குடு ஆண்டவரேன்னுதான் கேட்டா."

கடைசிப் படகு

சாண்டோரினி தீவில் கப்பல் கரையோரம் வராது. தள்ளி நின்றுகொள்ளும், சின்னப் படகுகளில் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஊர் செங்குத்தான மலை உச்சியில். ரோப் காரில் ஏறிப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசிப் படகுக்கு முன்னால் இறங்கி வந்துவிட வேண்டும். எல்லாரிடமும் நான் சொன்னதை, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

படகுத்துறையில் எல்லாரும் வந்துவிட்டார்கள், சென்னியப்பன் தம்பதியைத் தவிர. போன் வந்தது. "அவங்க கீழ வந்துட்டாங்களா அம்மிணி?" என்றார் சென்னியப்பன். ரோப் கார் வாசலில் நிற்கிறாராம். வைத்தவுடன் ருக்மணி அம்மாவின் போன். "அவரு அங்க இருக்காரா கண்ணு?" அம்மா ஏதோ கடையில் துப்பட்டா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கணவர் சொல்லாமல் முன்னால் நடந்துவிட்டார். அம்மா வெளியே வந்து ஆளைக் காணாமல் அதே கடை வாசலில் நிற்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சந்து. ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டால் முடிந்துவிடும். "நீங்களே ஒரு போன் போட்டுருங்க" என்று இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. கடைசியில் மலைக்குக் கீழே நின்றுகொண்டு நானே இருவருக்கும் மாற்றி மாற்றி வழி சொன்னேன். அவர்கள் சந்தித்தபோது வேறு கப்பல்களின் கூட்டம் ரோப் கார் வரிசையை அடைத்திருந்தது.

கப்பல் அதிகாரி நல்லவர்தான். ஆனாலும் காத்திருக்க முடியாது என்றார். அவர்களுடைய பாஸ்போர்ட்டையும், நான் கேட்டுக்கொண்டதால் பிரஷர் மாத்திரை டப்பாவையும் அறையிலிருந்து எடுத்துவரச் செய்து, துறைமுக ஏஜென்ட் கையில் கொடுத்தார். தங்க இடம் பார்த்து, காலையில் ஃபெர்ரி எனும் பயணிகள் படகில் ஏதென்ஸ் துறைமுகத்துக்கு அனுப்புவது ஏஜென்ட் பொறுப்பு. நான் இறங்கி நின்றுகொள்ளலாமா என்று ஒரு காலைக் கரையில் வைத்தேன். மற்றவர்கள் எல்லாரும் படகிலிருந்து என்னையே பார்த்தார்கள். ஏறிவிட்டேன். கப்பல் நகர்ந்ததும் சென்னியப்பனுக்கு போன் செய்து, பயப்படாதீங்க என்று ஆரம்பித்தேன்.

"பயமெல்லாம் இல்லீங்க அம்மிணி. கப்பல் போறது இங்கிருந்து முழுசாத் தெரியுதுங்க. உள்ள இருந்தா இது தெரியாதுங்கோ."

காற்று

ஏதென்ஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பல் சாயங்காலம் கிளம்ப வேண்டும். மத்தியானம் வர வேண்டிய ஃபெர்ரி காற்றினால் தாமதம் என்றார்கள். எவ்வளவு தாமதம் என்று யாருக்கும் தெரியவில்லை. குழுவினரை உள்ளூர் கைடோடு கோயில் பார்க்க அனுப்பிவிட்டு நான் துறைமுகத்தில் உட்கார்ந்தேன். சென்னியப்பன் மகனிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஜெபராஜ் கோயில் பார்க்கப் போகாமல் என்னோடு தங்கிவிட்டார். இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பவில்லை. அடுத்தவர்களுடைய ஃபெர்ரிக்காக இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரம் நெருங்கும்போது ஃபெர்ரி வந்தது. கூட்டத்துக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் முன்னால் வந்தது. ஃபெர்ரியில் யார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நேருக்கு நேர். எனக்கு அழுகை வந்துவிட்டது. ருக்மணி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலுக்கு நடந்தபடியே விவரம் சொன்னார். மகன் கனடா போகப் பார்த்திருக்கிறார். கம்பெனி அவன் பேரில் இருந்தால் போகமாட்டான் என்று பயந்து எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர். மனைவியிடம் சொன்னால், போறவனைப் போக விடுங்க என்பார் என்று மறைத்திருக்கிறார். "அப்படித்தான் சொல்லியிருப்பேன் கண்ணு. அதையும் கேட்டுக்கிட்டு எழுதியிருக்கலாமில்ல? அதைத்தான் கேட்டேன். ராத்திரி தீவுல ஒரு மதில்மேல உக்காந்து அழுதுட்டாரு" என்றார். சென்னியப்பன் காது கேட்காதவர் போல முன்னால் நடந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

கப்பல் படியில் ஏறும்போது, இத்தனை சிரமத்துக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்டேன். ருக்மணி அம்மா நின்று திரும்பினார்.

"அடுத்த வருசம் எங்களக் கப்பல்ல ஏத்தாத கண்ணு. அந்தத் தீவுலயே எறக்கி உட்டுட்டுப் போயிரு."

'பத்திரமாகக் கூட்டிப்போய் ஒருவரையும் விடாமல் கூட்டி வருவோம்' என்று ஆபீஸ் போர்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் தீபாவளிக்குத் தவறாமல் பலகாரப் பெட்டி அனுப்புகிறவர்கள், நான் விட்டுவிட்டு வந்த அந்த இரண்டு பேர் மட்டும்தான்.