முள் இல்லாத தூண்டிலில் ஒரு கார் மீன்

சென்ற வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை, எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கலங்கிய தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான வாய். கீழே, ‘சோழவந்தான் பக்கத்துக் கண்மாயில் முதலைக்குட்டி. ஞாயிற்றுக்கிழமை மீன்பிடித் திருவிழா நடக்குமா?’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் பயந்த முகப் பொம்மைகளைப் போட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. அது முதலை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாயை இரண்டு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன்.

அலிகேட்டர் கார் என்று கடையில் சொல்லி விற்றார்கள். சிலர் முதலை மீன் என்பார்கள். அமெரிக்க ஏரிகளில் வாழ்வது. பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது போகக் கண்ணாடித் தொட்டி வாங்கியபோது, விரல் நீளத்தில் ஒன்றை வாங்கினேன். "தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த நான் அதை நம்பினேன். இரண்டு வருடத்தில் அது திரும்பக்கூட இடமில்லாமல் கிடந்தது. கொல்ல மனம் வரவில்லை. ஓர் உயிரைத் தண்ணீரில் விட்டால் புண்ணியம் என்று நினைத்து, வாளியில் எடுத்துப் போய் அந்தக் கண்மாயில் விட்டுவிட்டு வந்தேன். அது போன வருடம் தை மாதம்.

மீன்பிடித் திருவிழாவைப் பார்க்காதவர்களுக்கு: கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது, பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த அத்தனை பேரும் கூடை, வலை, வெறுங்கை என்று ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். இந்த ஊரில் மூன்று வருடமாக அது நடக்கவில்லை. இந்த முறையும் நின்றால் காரணம் நான். நடந்து, யாராவது வெறுங்கையால் அந்த வாயைப் பிடித்தாலும் காரணம் நான். இன்னொன்று அன்று மாலைதான் படித்தேன்: கார் மீனின் சினை மனிதருக்கு விஷம்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எண் கிடைக்கவில்லை என்பது பாதி உண்மை. யாருக்கும் தெரியாமல் நானே பிடித்துவிடலாம் என்று நினைத்தது மீதிப் பாதி.

வியாழக்கிழமை காலை 5.40க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து. சோழவந்தானுக்குச் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபது ரூபாய். வைகை ஓரமாக வெற்றிலைக் கொடிக்கால்கள் வரும். இடப்பக்கம் உட்காருங்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஓட்டும் சேது என்பவரிடம் போனேன். முப்பது வயது இருக்கும்.

"எங்கங்கய்யா போகணும்?"

ஊர்ப் பெயரைச் சொல்லி, "கார் பிடிக்கணும் தம்பி" என்றேன். பதற்றத்தில் ‘மீன்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டேன்.

"அந்த ஊர்ல ஏதுய்யா காரு? டிராக்டருதான் கெடைக்கும். மதுரைலயே பிடிச்சிருக்கலாம்ல?"

"கார்ங்கறது ஒரு மீன் தம்பி."

அவர் என் பன்னிரண்டு அடி மூங்கில் கழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏறுங்க. கார் பிடிக்க ஆட்டோல போற மொத ஆளு நீங்கதான்."

ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். கழியை ஆட்டோவில் ஏற்ற வழியில்லாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டே போனோம். நீங்கள் போவதானால் மடக்குத் தூண்டில் கொண்டுபோங்கள்.

கண்மாயின் மடையைத் திறந்து மூடும் பொறுப்பு மாயாண்டி என்பவருக்கு. ஐம்பது வயது தாண்டிய, மெலிந்த, உரக்கப் பேசுகிற மனிதர். அவர் அனுமதியில்லாமல் யாரும் அங்கே தூண்டில் போட முடியாது. மீன்களைப் பற்றிப் படிப்பவன், முதலையா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை.

"பாருங்க சார். ஊர்க்கூட்டத்துல பாதிப் பேரு வேணாங்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். எம்புட்டு ஆசையா இருந்தோம் தெரியுமா? அம்புட்டும் போச்சு."

அன்றைய முயற்சி முழுத் தோல்வி. தோல்வியிலிருந்து தெரிந்ததை எழுதுகிறேன். கார் மீன் காற்றையும் சுவாசிக்கும்; அதற்காக அவ்வப்போது மேலே வரும். வெயில் ஏறும் நேரத்தில், காற்றடிக்காத ஓரத் தண்ணீரைக் கவனித்தால் இருக்குமிடம் தெரிந்துவிடும். ஏழரையிலிருந்து எட்டரைக்குள் அல்லிக்கொடி ஓரமாக ஐந்து முறை வந்ததைக் குறித்துவைத்தேன். சிறிய ஜிலேபி மீனை முள்ளில் கோத்து, தக்கை கட்டி அங்கே போட்டேன். மூன்று முறை தக்கை ஓடியது. மூன்று முறையும் இழுத்தேன். முள் வெறுமனே வந்தது. காரணம், அதன் வாய் முழுக்க எலும்பு. முள் இறங்கச் சதையே இல்லை. இரையைக் குறுக்கே கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், திருப்பும், பிறகுதான் விழுங்கும். அது இரண்டாம் முறை ஓடும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. விழுங்கிய முள் குடலைக் கிழிக்கும் என்பதால் விருப்பமும் இல்லை.

மதுரை திரும்பியதும் கீழமாசி வீதிக் கயிற்றுக்கடையில் வெள்ளை நைலான் கயிறு இரண்டு மீட்டர் வாங்கினேன், முப்பது ரூபாய். முள்ளே இல்லாமல் கயிற்றால் பிடிப்பதைப் பற்றிப் படித்திருந்தேன். ஒரு சாண் துண்டை வெட்டி, ஒரு முனையில் சின்ன ஈயக்குண்டை வைத்து முடிச்சுப் போட வேண்டும். மீதியைப் புரி பிரித்து, இழை இழையாகும்வரை சீப்பால் வார வேண்டும். என் மனைவியின் பழைய சீப்பு அதில் இரண்டு பல்லை இழந்தது. முடிச்சை ஒரு சாண் மெல்லிய கம்பியிலும், கம்பியைத் தடித்த தூண்டில் நரம்பிலும் கட்ட வேண்டும். கம்பி இல்லாவிட்டால் பல் நரம்பை அறுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையில் சேது அதைத் தூக்கிப் பார்த்தார். "வீட்டுல அம்மாவோட சவுரியவா அறுத்துட்டு வந்தீங்க? நல்லா நரைச்சிருக்கு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா சாருக்கு இருக்குற முடியும் போயிரும் மாப்ள" என்றார் மாயாண்டி. எனக்கு ஏற்கெனவே அதிகம் இல்லை.

கயிற்றைத் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, சின்ன மீன் நீந்துவதுபோல மெதுவாக இழுக்க வேண்டும். எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் கழி திடீரென்று கனத்தது. இங்கேதான் எல்லோரும் தவறு செய்வார்கள். சுண்டி இழுக்கக் கூடாது. மீன் தலையை உதற உதற இழைகள் பல்லில் தானாகவே சிக்கும். பதினைந்துவரை எண்ணச் சொல்கிறார்கள். நான் பயத்தில் இருபத்திரண்டுவரை எண்ணினேன். பிறகு கழியைத் தாழ்த்தி, நரம்பு தளராமல் பின்னால் நடந்தேன். சேது என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மாயாண்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி, சாக்கைப் போட்டு அதை அமுக்கிக் கரையேற்றினார். நாடாவால் அளந்தேன்: மூன்றடி ஐந்து அங்குலம். தடித்த கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

இத்தோடு நான் பேருந்து ஏறியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"வயிறு நல்லா உப்பி இருக்கு சார்" என்றார் மாயாண்டி. "சினைமீனாத்தான் இருக்கும். மக மாசமா இருக்கா. சினைய அவளுக்கு வறுத்துக் குடுத்துட்டு மீதியக் குழம்பு வச்சுருவோம்."

"வேணாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வேணாம். அதோட சினை விஷம்."

"பாக்காமயே எப்படிச் சொல்றீங்க?"

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, தொட்டி, வாளி, புண்ணியம். சேது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாயாண்டி கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒரு உசுரு பொழைக்கட்டும்னு விட்டீங்க. சரி. கண்மாய்க்குள்ள இருந்த உசுரையெல்லாம் எந்தக் கணக்குல சார் வச்சீங்க?"

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் சொன்னா முதலைய மறைக்கிறேம்பாங்க. நாயித்துக்கிழமை வந்து ஊருக்கு முன்னால நீங்களே சொல்லுங்க. வாரீங்களா?"

"வர்றேன்" என்றேன்.

மாயாண்டி அரிவாளின் பின்பக்கத்தால் ஒரே அடி அடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். செதில்கள் ஓடுபோல இருந்ததால் கத்தி வழுக்கியது. திறந்தபோது சினை இல்லை. வயிற்றில் முழுசாக ஒரு கெண்டை இருந்தது. உடலைக் கரைக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். தலையை மட்டும், ஊரார் பார்ப்பதற்காக, மாயாண்டி உப்பில் போட்டு வைத்தார். சனிக்கிழமை கூட்டத்தில் அந்தத் தலையைக் காட்டி, விவரம் தெரிந்தவர் நேரில் வருகிறார் என்று சொல்லி முடிவை ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போட வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரை முழுக்கத் தலைகள். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கல்லூரியிலேயே பின் வரிசைக்குக் கேட்காத குரல் என்னுடையது. இது முதலை இல்லை, மீன், இதை நான்தான் விட்டேன், தவறு செய்துவிட்டேன் என்று சொன்னேன். நாலு வரிதான். சிலர் திட்டினார்கள். திட்டியது நியாயம்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண், கூடையை இடுப்பில் வைத்தபடி கேட்டார்: "ஒண்ணுதான் விட்டீரா, இன்னும் இருக்கா?"

"ஒண்ணுதாம்மா."

"அப்ப நீரு மொதல்ல எறங்கும். பெறகு நாங்க வாரோம்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் நகரவில்லை. பெரியவர் துண்டை வீசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சேறு கணுக்காலை இழுத்தது. காலுக்கிடையில் ஏதேதோ ஓடின. தொடையளவு தண்ணீரில் போய் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். துண்டு வீசப்பட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கரை முழுவதும் தண்ணீருக்குள் வந்த சத்தம்தான் கேட்டது. அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போகும்போது, "சும்மா நிக்காம கூடையப் பிடியும்" என்றார். பிடித்தேன். பத்து மணிவரை பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். திருவிழா நாளைச் சில நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள், உள்ளூர் ஆட்டோக்காரர்களிடம் கேளுங்கள். ஐந்தரைக்குள் போய்விடுங்கள். செருப்பை ஆட்டோவிலேயே விடுங்கள், கரையில் விட்டால் திரும்பக் கிடைக்காது. கயிற்றால் பிடித்த எந்த மீனையும் விடுவதற்கு முன் பல்லில் சிக்கிய இழைகளைக் கத்தரிக்கோலால் முழுவதும் வெட்டி எடுங்கள், இல்லையென்றால் வாய் திறக்க முடியாமல் பட்டினியில் சாகும். கார் மீன் என்றால் பிடித்த இடத்தில் திரும்ப விடவே விடாதீர்கள்.

வீட்டில் வளர்க்கிறீர்களா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தால் பெரிய தொட்டி கட்டி, அது சாகும்வரை வளருங்கள். இரண்டும் முடியாதென்றால் கொன்று புதையுங்கள். பாவம் உங்களோடு நிற்கும். கண்மாயில் விட்டால் ஊர் முழுக்கப் போகும். நீங்கள் இருக்கும் ஊரில் இதை யாரும் சொல்ல முன்வரவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து சொல்கிறேன். மைக் கொடுத்தாலும் பரவாயில்லை.