துணி மூட்டைகள் இருந்த ஸ்டுடியோ

சிட்லபாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் என் மனைவி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அதே அறையின் மூலையில் கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்து நான் பாட்டு ரெக்கார்டிங் செய்துவந்தேன். பார்க்க ஸ்டுடியோ மாதிரியே இல்லை என்று ஒருநாள் அவளை ஹாலுக்குப் போகச் சொன்னேன். தையல் மெஷினையும் துணி மூட்டைகளையும் அவளே இழுத்துக்கொண்டு போனாள். நான் சுவர் முழுக்க மெல்லிய கறுப்பு ஃபோம் ஒட்டினேன்.

அதற்குப் பிறகு முதலில் பாட வந்தவர், ஏற்கெனவே என்னிடம் பதிவு செய்திருந்த, சர்ச் கொயரில் பாடும் ஒரு அக்கா. பதிவைக் கேட்டுவிட்டு, "தம்பி, போன தடவை நல்லா இருந்துச்சே. இப்ப தண்ணி டிரம்முக்குள்ள பாடுற மாதிரி கேக்குது" என்றார். அவருடைய பழைய பதிவின் சிடியைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அறையின் எதிரொலியை அதுவரை அடக்கிவைத்திருந்தவை அந்தத் துணி மூட்டைகள். என் மெல்லிய ஃபோமால் அது முடியவில்லை.

சாயங்காலம் மனைவியிடம், "ஹால்ல உனக்கு இடைஞ்சலா இருக்கும். பழையபடி உள்ளேயே வந்து தச்சுக்கோ" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்காகவா விட்டுக்கொடுக்கறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் தன் அம்மாவிடம் போனில் அதைப் பெருமையாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.