கருங்கிடாவில் குடியேறிய எனிட்

யார்க்‌ஷயர் மலையடிவாரத்துக் 'கருங்கிடா' என்ற மதுக்கடைக்கு வயது முந்நூறு. எனிட் அங்கே இருபத்திரண்டு வருடம் பீர் ஊற்றினாள்; அந்த இருபத்திரண்டு வருடமும் புருஷன் கிளைவிடம் அடி வாங்கினாள். பீர் ஊற்றும் மேடைக்குப் பின்னால் வைத்துத்தான் அடிப்பான். ஒருமுறை தாடை விலகியது, இன்னொருமுறை இரண்டு விலா எலும்பு முறிந்தது. குடிக்க வந்தவர்கள் தலையைக் குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள்.

கிளைவ் மாரடைப்பில் போனதும் எனிட் கடையை மூடி வீடாக்கிக்கொண்டாள். பழங்காலக் கட்டடம், மேடையை இடிக்கக் கூடாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. சரியென்று அதன்மேல் உருளைக்கிழங்கு நறுக்கினாள். குடிக்க இருந்த இடம் போனதென்று ஊரே முறைத்தது. கொழுந்தன் டெரிக் ஒருபடி கூடுதலாக முறைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆட்டுத்தொடை அடுப்பில் வெந்துகொண்டிருக்கையில், டெரிக் கதவை உதைத்து உடைத்துக்கொண்டு வந்தான். பக்கத்து ஊரில் மூக்குமுட்டக் குடித்திருந்தான்.

"எங்கண்ணன் கடைடி இது. ஊத்து ஒரு கோப்பை."

"கடை செத்துப்போச்சு டெரிக். உங்கண்ணனும்தான். இது என் வீடு. வந்த வழியே போ."

"வீடாம்ல வீடு! மகாராணிக்கு அரண்மனை கேக்குதோ?"

முடியைப் பிடித்து அவள் தலையை மேடையில் மோதினான். நெற்றி பிளந்தது. மறுபடி மோதியதில் பல்லொன்று தெறித்தது. வலியைவிட, இந்த அடி தனக்கு இத்தனை பழகிப்போயிருப்பதுதான் அவளுக்கு வெறியேற்றியது. துழாவிய கையில் பீப்பாய்க்குக் குழாய் அடிக்கும் மரச்சுத்தி அகப்பட்டது. அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு நொறுங்கியது. விழுந்தவனின் மணிக்கட்டில் இன்னொன்று.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வில்ஃப் நின்றிருந்தான். கிளைவ் காலத்து வாடிக்கைக்காரன்.

"என்ன வில்ஃப், இன்னைக்கும் வேடிக்கைதானா? உள்ள வந்து இவன இழுத்துட்டுப் போ. இல்லன்னா அடுத்தது மண்டையில."

வில்ஃப் வந்தான். அலறியவனை இழுத்துக்கொண்டு போனான்.

எனிட்டுக்கு நெற்றியில் ஒன்பது தையல். வழக்கில் வில்ஃப் சாட்சி சொன்னான்; அந்தக் கடையில் தான் காணாததுபோல் இருந்த வருடங்களையும் யாரும் கேட்காமலே சொல்லி அழுதான். டெரிக்குக்கு எட்டு மாதம் சிறை. முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. எனிட் யாரையும் மன்னிக்கவில்லை, வில்ஃபையும்கூட. கனத்த ஓக் கதவொன்று போட்டாள். மேடை இருந்த, வெயில் விழும் அந்தக் கூடத்திலேயே கட்டிலை இழுத்துப் போட்டு, நிம்மதியாகத் தூங்கினாள்.