குதிக்காத கேசட்

1999 ஜூன் மாத டைரியில் எழுதியிருக்கிறேன்: ‘மூன்று உடற்பயிற்சி கேசட்டுகள் பார்த்தாயிற்று. மூன்றாவதே சிறந்தது. இருபது நிமிடம். குதிப்பு அதிகம்.’

சர்க்கரை கூடியதால் டாக்டர் சொன்ன பயிற்சி அது. அல்சூரில் மாடி வீட்டில் குடியிருந்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு டிவி முன்னால் நின்று குதித்தேன்.

மூன்றாவது வாரம் கீழ்வீட்டு முருகேசன் படியேறி வந்தார். பீன்யா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். கண்கள் சிவந்திருந்தன.

“சார், நான் வந்து படுக்கறதே ஏழரைக்கு. நேத்து மெஷின் முன்னாடியே தூங்கிட்டேன். வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்கு சுகர்னு வீட்ல சொன்னாங்க. எப்படி நிறுத்தச் சொல்றது? குதிக்காத கேசட்டா பாத்து எடுங்க சார். படுத்துக்கிட்டே செய்யறதா இருந்தா நானும் கீழேருந்து சேந்துக்கறேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரம், இசை, வேகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் குறித்தவன், என் காலடியில் ஒருவர் தூங்குவதை நினைத்துப் பார்க்கவில்லை. அன்றே கேசட்டை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அவருக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டார். ஆட்குறைப்பு என்று சொன்னார்கள். அந்தக் கடிதமும் ஒரு காரணமா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை அது உறுதியாகத் தெரியாது.